ஆளுக்குப் பத்துச் சொட்டு

ஆய்வுக்கூடத்தில் அவனை மணல் என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதை தெரிந்தவர்கள் மணல் சார் என்பார்கள். அவன் செய்வதும் மணல்தான், ஆனால் அள்ளி விளையாடுகிற மணல் இல்லை. அதே பொருளை உருண்டை உருண்டையாக, ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் சில ஆயிரத்தை வரிசையாக நிறுத்தலாம் என்கிற அளவுக்குச் சின்னதாக வளர்த்து, தண்ணீரில் மிதக்கவிட்டு, பாட்டிலில் அடைத்துக் கொடுப்பான். நானோ துகள் என்று அறிக்கையில் எழுதுவார்கள். பாட்டிலைப் பார்த்தால் வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும். நாள் முழுக்க உழைத்துவிட்டு வெறும் தண்ணீரைக் கொண்டுவந்து வைக்கிற ஆளை உலகம் எப்படிப் பார்க்குமோ அப்படித்தான் அவனையும் பார்த்தது. அதில் அவனுக்கு வருத்தம் உண்டு. வாய் திறந்து சொன்னதில்லை.

பக்கத்து அறை ஜெல் மேடத்தினுடையது. அவள் ஜெல்லில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதி ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாத நூல்களால் ஆன வலை. தண்ணீரை ஓடவிடாமல் பிடித்து வைத்திருப்பது அந்த வலைதான். மூட்டில் எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தை தேய்ந்துபோனவர்களுக்கு அந்த இடத்தில் இதை வைக்கலாம் என்பது எல்லோருடைய ஆசை. தொட்டால் வழுவழுப்பாக, சொன்ன பேச்சைக் கேட்கிற பொருளாகத்தான் இருந்தது. இழுத்தால் கிழிந்தது. மணலை அதில் கலந்துவிட்டால் துகள்கள் தாமாகவே ஒன்றோடொன்று கைகோத்து, வலையின் இடுக்குகளில் வரிசைகட்டி நின்று, மொத்தத்தையும் தாங்கிப் பிடிக்கும் என்பது திட்டம். துகள்களிடம் திட்டத்தை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கலந்த பிறகும் அவை ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி நின்றன.

ஜெல் மேடம் மணலின் மனைவி. அவர்கள் இருவரும் பேச்சை நிறுத்திப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

வேலை மட்டும் நிற்கவில்லை. இரண்டு அறைகளுக்கும் நடுவே சுவரில் ஒரு சின்னச் சன்னல் உண்டு. இரு பக்கமும் கதவு, உள்ளே ஒரு எவர்சில்வர் தட்டு. அவன் பாட்டிலைத் தட்டில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவான். அவன் போன சத்தம் கேட்ட பிறகு அவள் தன் பக்கக் கதவைத் திறந்து எடுத்துக்கொள்வாள். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் இழுவை அம்மா இருந்தார். இழுவை இயந்திரத்தை இயக்குகிறவர். எந்தப் பொருளாக இருந்தாலும் இரண்டு முனையையும் கிடுக்கியில் மாட்டி, பிய்ந்துபோகும்வரை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அதைப் பற்றிக் கருத்துச் சொல்வார். இந்தத் தம்பதியைப் பற்றி அவர் இன்னும் கருத்துச் சொல்லவில்லை.

சண்டை ஒன்றும் பெரியதில்லை. வருடாந்திர ஆய்வுக் கூட்டத்தில், அரங்கம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, யாரோ ஒருவர் எழுந்து, “இது ஏன் கிழிஞ்சுக்கிட்டே இருக்கு?” என்று கேட்டார். மணல் மைக்கை வாங்கி, “பிரச்சினை ஜெல் பக்கம்தான்,” என்றான். சொல்லிவிட்டு மைக்கைப் பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினான். பக்கத்தில் இருந்தவள் அவன் மனைவி. அவள் மைக்கை வாங்கவில்லை. அன்று வீட்டுக்குத் தனியாக பஸ்ஸில் வந்தாள். அவனைக் கேட்டால், கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன் என்பான். அந்தப் பதில் சரியா தப்பா என்று அவன் பலமுறை யோசித்துப் பார்த்து, சரி என்ற முடிவுக்கே வந்தான். சரியான பதிலுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். அவளுடைய தம்பி. தொழில் கால்பந்து நடுவர். பந்துக்குப் பின்னால் ஓடுகிறவர்களுக்குப் பின்னால் ஓடி ஓடியே வலது மூட்டு தேய்ந்துபோய், இப்போது கூடத்து சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார். வயதில் சின்னவர்தான், ஆனாலும் கழுத்தில் விசில் தொங்குகிறவருக்கு மரியாதை கொடுத்துத்தான் ஆகவேண்டும். அக்காவும் மாமாவும் அவர் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

“கரண்ட் பில் கட்டியாச்சான்னு கேளு,” என்பாள் அக்கா.

“மாமா, கரண்ட் பில்.”

“கட்டியாச்சுன்னு சொல்லு.”

“அக்கா, காது கேக்குதுல்ல?” என்பார் நடுவர்.

யார் பக்கம் தப்பு என்று இருவருமே அவரிடம் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார்கள். நடுவர் அசைந்துகொடுக்கவில்லை. “மைதானத்துல கேளுங்க, சொல்றேன். வீட்டுக்குள்ள நான் விசில் ஊத மாட்டேன். எனக்கு ரெண்டு வேளைச் சோறு வேணும்,” என்றுவிட்டார்.

அந்தச் சோற்றுக்கும் வந்தது சோதனை. காலையில் அவள் காய்கறி நறுக்கி, அடுப்பில் சூப்பை ஏற்றி, பாதி வேகவைத்து இறக்கிவிட்டுப் போவாள். சாயங்காலம் முதலில் வருகிற மணல் அதை மறுபடி கொதிக்கவைத்து முடிப்பான். முன்பெல்லாம், “உப்பு போட்டாச்சா?” என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். இப்போது கேட்பதில்லை. நடுவர் ஒரு வாய் குடித்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி ஒரு வாய் குடிப்பார். மூட்டு வலிக்கிறவன் வாயையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் இயக்குநர் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். கெட்ட செய்தியைச் சொல்லும்போது மேசை மேலிருக்கும் பேனாக்களை அடுக்கிவைக்கிற வழக்கம் அவருக்கு. நிறையப் பேனாக்கள் இருந்தன.

“இன்னும் ஒரு தடவைதான். இந்தத் தடவையும் கிழிஞ்சா, ஜெல் பிரிவை அந்த இன்னொரு கிளைக்கு மாத்திடச் சொல்லிட்டாங்க,” என்றார்.

இன்னொரு கிளை என்றால் ரயிலில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போகவேண்டிய ஊர்.

“மேடத்துக்கு இதுல ஆட்சேபணை இல்ல. கேட்டேன். அவங்களே அங்க ஒரு இடம் வேணும்னு எழுதிக் கொடுத்துட்டாங்க,” என்று கடைசிப் பேனாவையும் நேராக வைத்தார்.

மணல் மனைவியைப் பார்த்தான். அவள் பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கூடத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. பெரிய, சக்கரம் வைத்த, நீலப் பெட்டி. நடுவருக்கு அது சரியான உயரத்தில் அமைந்துவிட்டது. வீங்கிய காலைத் தூக்கி அதன் மேல் வைத்துக்கொண்டார். அவள் சமையலறையிலிருந்து வந்து, “காலை எடு. அது எனக்கு வேணும்,” என்றாள். நடுவர் காலை எடுத்தார். மணல் அந்தப் பெட்டியையே பார்த்தான். அவள் போகக்கூடாது. அவனுக்கு அது ஒன்றுதான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம்; ஆனால் அதைச் சொல்வதற்கு முதலில் பேசவேண்டும், பேசுவதற்கு முதலில் அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசவேண்டும். ஆகவே அவன் சூப்பில் உப்புப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

கடைசிச் சோதனைக்குப் பாட்டிலைத் தயார் செய்கிற அன்று அவன் ஒரு காரியம் செய்தான். அலமாரியிலிருந்து உப்புக் கரைசலை எடுத்தான்.

அந்தக் காரியத்தின் பின்கதை இதுதான். துகள்கள் ஏன் ஒன்றையொன்று நெருங்குவதில்லை என்பதற்கு ஜெல் மேடம் வெகுகாலமாக ஒரு காரணம் சொல்லிவந்தாள். ஒவ்வொரு துகளின் மேலும் ஒரே மாதிரி மின்சாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே மாதிரி இருப்பதால்தான் ஒன்றையொன்று தள்ளுகிறது. கொஞ்சம் உப்புப் போட்டால் அந்த முறைப்பு குறையும், பக்கத்தில் வரும், தானாகக் கைகோத்துக்கொள்ளும். மணல் கேட்கவில்லை. உப்புப் பட்டால் துகள் கட்டிதட்டிப்போகும், ஒரு நாள் உழைப்பு திரிந்த பால் ஆகிவிடும். “என் துகளுக்கு ஒண்ணும் போடவேண்டாம்,” என்று ஒவ்வொரு முறையும் வாயை அடைத்துவிட்டான். பேச்சு நின்றதற்குப் பிறகு அவளும் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

இப்போது அவனே சொட்டுக்குழாயைக் கையில் எடுத்தான். அவள் ஜெல் இன்னொரு தடவை கிழிந்தால் எல்லோரும் அவளைச் சொல்வார்கள். முதலில் சொன்னவன் அவன்தான் என்பது அவனுக்கு ஞாபகம் இருந்தது. பத்துச் சொட்டு விட்டான். ஏன் பத்து என்றால், அவர்கள் இருவரும் மாணவர்களாக இருந்த ஆய்வுக்கூடத்தில் அது சட்டம். புதிதாக எதைச் சேர்த்தாலும் பத்தில் தொடங்கு. பலன் தெரிந்தால் இரட்டிப்பாக்கு. கெட்டுப்போனால் முதலுக்குத் திரும்பு. அந்தச் சட்டத்தை ஒரே மேசையில் உட்கார்ந்து படித்துத்தான் அவர்கள் கல்யாணமும் செய்துகொண்டார்கள். உப்பைப் பற்றி எங்கும் எழுதிவைக்காமல், காதும் காதும் வைத்தமாதிரி பாட்டிலை மூடி, தட்டில் வைத்து, இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் அச்சிலிருந்து வெளியே வந்த ஜெல் வழக்கமான ஜெல் இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் லேசாக நீலம் ஓடியது. இழுவை அம்மா அதைக் கிடுக்கியில் மாட்டி இழுத்தார். வழக்கமாகக் கிழிகிற இடம் வந்தது, போனது. ஜெல் நீண்டது. இழுவை அம்மா இயந்திரத்தின் திரையைப் பார்த்தார், ஜெல்லைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். இயந்திரம் போகக்கூடிய உயரம் முடிந்து கிறீச்சென்று நின்றது. விட்டதும் ஜெல் ஒன்றுமே நடக்காதது போலப் பழைய நீளத்துக்குத் திரும்பிவிட்டது.

“எனக்கு இது பிடிக்கல,” என்றார் இழுவை அம்மா. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எதுவும் அவரிடமிருந்து முழுசாகத் தப்பிப்போனதில்லை.

மின்நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. துகள்கள் வலையின் இடுக்குகளில் சங்கிலி சங்கிலியாக வரிசைகட்டி நின்றன. நூல்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டிருந்தன. இழுக்கும்போது பிடி விட்டு, விட்டதும் மறுபடி பிடித்துக்கொள்கிற பிடிகள். யாரும் அடுக்கவில்லை, தாமாக நின்றவை. இயக்குநர் பேனாக்களை மறந்து கைதட்டினார். மூட்டு சிகிச்சைப் பொருள் செய்கிற நிறுவனத்திலிருந்து ஒரு குழு நேரில் வந்து பார்க்கப்போவதாகவும், அவர்கள் கண்ணெதிரே இதே மாதிரி இன்னொன்றைச் செய்து காட்டிவிட்டால் ஜெல் பிரிவு எங்கேயும் போகவேண்டியதில்லை என்றும் அறிவித்தார்.

மணலுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் அந்தப் பத்துச் சொட்டுதான். தான் காப்பாற்றிவிட்டோம், அதுவும் யாருக்கும் தெரியாமல். நிம்மதியும் பெருமையும் சேர்ந்தால் மனிதனுக்குச் சட்டம் ஞாபகம் வரும்: பலன் தெரிந்தால் இரட்டிப்பாக்கு. குழு வருவதற்கு முன்னால் ஒத்திகைக்காகச் செய்ததில் இருபது சொட்டு விட்டான்.

வெளியே வந்த ஜெல் வெள்ளை வெளேரென்று, கட்டிகட்டியாக, தொட்டதும் உதிர்ந்தது. இழுவை அம்மா அதைக் கிடுக்கியில் மாட்டக்கூட முடியவில்லை. அவர் முகத்தில் பழைய தெளிவு திரும்பியது.

மணல் சொட்டுக்குழாயைக் கழுவிக் கவிழ்த்துவைத்தான். உப்பு கெடுத்துவிட்டது, போன தடவை வந்ததும் உப்பால் இல்லை, அவள் கைராசியால்தான், தான் நடுவில் மூக்கை நுழைத்துக் கெடுத்துவிட்டோம் என்று முடிவு செய்தான். கெட்டுப்போனால் முதலுக்குத் திரும்பு. அடுத்த பாட்டிலில் ஒரு சொட்டு உப்பும் விடவில்லை. அந்த ஜெல் பழையபடி கண்ணாடி மாதிரி தெளிவாக வந்து, பழைய இடத்திலேயே, பழைய சத்தத்தோடு கிழிந்தது. இயக்குநர் பேனாக்களிடம் திரும்பிப் போனார். குழு வருவதற்குள் ஒரே ஒரு தடவை செய்கிற அவகாசம்தான் இருந்தது. அதை அவர்கள் வந்து இறங்கும் முன் அச்சில் ஊற்றிவிடவேண்டும்.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நீலப் பெட்டி சுவரோரம் நின்றது. நடுவர் ஒரு வாய் சூப் குடித்தார். சொம்பை எடுத்தார். காலியாக இருந்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவர் கொள்கையையும் கீழே வைத்தார்.

“போதும்பா சாமி! காலைல அக்கா உப்பு போடறாங்க. நான் பாக்கறேன். சாயங்காலம் மாமா உப்பு போடறீங்க. அதையும் நான்தான் பாக்கறேன். ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கேட்டுக்கிட்டா வாய்ல இருக்கற முத்து கொட்டிடுமா? மூட்டுதான் போச்சு, சிறுநீரகமாவது இருக்கட்டும்னு விடுங்களேன்.”

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, “நான் அளவாத்தான் போட்டேன்,” என்றாள்.

“நானும் அளவாத்தான் போட்டேன்,” என்றான் மணல், நடுவரைப் பார்த்து.

“ஆமா. ரெண்டு அளவு,” என்றார் நடுவர்.

மணலின் கரண்டி பாதி வழியில் நின்றது. அவன் அதை மெதுவாகக் கிண்ணத்தில் வைத்தான். ரெண்டு அளவு. அவன் எதிரே உட்கார்ந்து தலைநிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவளும் அதே மேசையில், அதே சட்டத்தைப் படித்தவள். துகளுக்கு உப்பு வேண்டும் என்று வெகுகாலமாகச் சொல்லி அலுத்துப்போனவள். கடைசித் தடவை என்று சொல்லிவிட்ட பிறகு அவள் என்ன செய்திருப்பாள் என்று அவன் இதுவரை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, காரணம் புரியாமல், சந்தோஷமாக இருந்தது.

அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கிற வாக்கியத்தை அவன் மனசுக்குள் பலவிதமாக அடுக்கிப் பார்ப்பதற்குள் அவள் எழுந்து கைகழுவப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவன் பாட்டிலைத் தட்டில் வைத்தான். இரண்டு தட்டுத் தட்டினான். கதவைச் சாத்தவில்லை, போகவும் இல்லை. போவது போலக் காலால் மட்டும் சத்தம் செய்தான். அந்தப் பக்கக் கதவு திறந்தது. பாட்டிலை எடுக்க வந்த கை, பாட்டிலை விடாமல் பிடித்திருக்கிற இன்னொரு கையைக் கண்டு அப்படியே நின்றது.

“எவ்வளவு உப்பு போட்ட?” என்றான் மணல்.

பல மாதத்துக்குப் பிறகு மனைவியிடம் பேசிய முதல் வாக்கியம் அது. இரவெல்லாம் அடுக்கியதில் இது இல்லவே இல்லை.

சன்னலுக்கு அந்தப் பக்கம் கை பின்வாங்கியது. பிறகு, “நீங்க எவ்வளவு போட்டீங்க?” என்றது குரல்.

“பத்து.”

“நானும் பத்து.”

“அடுத்த தடவை இருபதா?”

“இருபது. நீங்க?”

“இருபது. அதுக்கப்புறம் ஒண்ணும் போடல.”

“நானும் போடல,” என்றாள் அவள். சன்னல் வழியாக முகம் தெரிந்தது. சிரிப்பு வரவில்லை, ஆனால் வரப்பார்த்தது. “அப்ப மொத்தம் இருபதுதான் கணக்கு. பத்து மட்டும் போட்டிருந்தா ஒண்ணும் நடந்திருக்காது. நாப்பது போனதால கட்டி தட்டிடுச்சு.”

“ஆமா.”

“என் துகளுக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொல்றவரு எதுக்குப் போட்டீங்க?”

மணல் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான். “இன்னொரு தடவை கிழிஞ்சா எல்லாரும் உன்னைத்தான் சொல்லுவாங்கன்னு.”

“முதல்ல சொன்னது யாரு?”

அவன் மூடியை இன்னும் ஒரு சுற்றுத் திருகினான். அவள் சன்னலுக்குள் கையை நீட்டினாள். பிறகு பாட்டிலை அவன் கையிலிருந்து உருவிக்கொண்டு, “இன்னைக்கு உப்பை நான் மட்டும் போடறேன். இருபது. நீங்க எண்ணுங்க,” என்றாள்.

அவன் சன்னல் வழியாகத் தலையை நீட்டி எண்ணினான். உப்புப் போட்டு, கலந்து, அச்சில் ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் மூடிவைத்தார்கள். அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இல்லை; இனி துகள்கள் பார்த்துக்கொள்ளவேண்டியது. அன்று அவர்கள் பேசியது முழுக்க உப்பைப் பற்றித்தான். அவள் அந்த ஊருக்குப் போவதைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

குழு வந்தது. ஜெல்லை வெளிச்சத்தில் பிடித்தபோது லேசாக நீலம் ஓடியது. இழுவை அம்மா தன் பலத்தையெல்லாம் இயந்திரத்தில் காட்டிப் பார்த்துவிட்டு, தோற்றுப்போன முகத்தோடு கிடுக்கியிலிருந்து ஜெல்லை முழுசாகக் கழற்றிக் கொடுத்தார். குழுவில் இருந்த எலும்பு மருத்துவர் அதை உள்ளங்கையில் வைத்து அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கி, திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு எல்லோரும் அரங்கத்துக்குப் போனார்கள். அதே அரங்கம், அதே ஆட்கள், மேடையில் பக்கத்துப் பக்கத்தில் அதே இரண்டு நாற்காலிகள். மருத்துவர் எழுந்தார்.

“இதுக்கு முன்னாடி செஞ்சதெல்லாம் கிழிஞ்சதுன்னு சொன்னாங்க. அப்ப என்ன பிரச்சினை?”

இயக்குநர் மணலைப் பார்த்தார். மைக் மணலிடம் வந்தது. ஜெல் மேடம் எதிர்ச் சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிரச்சினை மணல் பக்கம்தான்,” என்றான்.

மைக்கில் ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. அவன் அது அடங்கும்வரை நின்றான்.

“என் துகள் ஒண்ணோட ஒண்ணு முறைச்சுக்கிட்டு நின்னுச்சு. உப்பு போட்டாதான் கிட்ட வரும்னு இவங்க ரொம்ப நாளா சொன்னாங்க. நான் கேக்கல. கேக்காம இருந்துட்டு, போன கூட்டத்துல இதே இடத்துல நின்னு, பிரச்சினை ஜெல் பக்கம்னு சொன்னேன். அது தப்பு. ஜெல் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்குள்ள போயி ஒழுங்கா நிக்கத் தெரியாதது நான் கொடுத்ததுதான்.”

சொல்லிவிட்டு மைக்கைப் பக்கத்தில் நீட்டினான். இந்தத் தடவை அவள் வாங்கிக்கொண்டாள்.

“உப்பு இருபது சொட்டு,” என்றாள் அவள் மைக்கில். குரல் கொஞ்சம் கரகரத்தது. “ஒருத்தர்தான் போடணும்.”

மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் இருவரையும் நிறுத்தி வைத்து வாழ்த்தினார். ஜெல் பிரிவு இங்கேயே இருக்கும் என்றார். மணலுக்கு உயிர் வந்தது. “ஆனா மேடம் தனக்குன்னு கேட்ட இடம் அங்க காலியாத்தான் இருக்கு. ஆர்டர் வந்தாச்சு. பிரிவு இருக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. போறதும் போகாததும் மேடத்தோட இஷ்டம்,” என்று ஒரு உறையை அவள் கையில் கொடுத்தார். அவள் நன்றி சொல்லி வாங்கிக் கைப்பையில் வைத்தாள். மணலுக்கு வந்த உயிர் பாதியில் நின்றது.

அவன் வீட்டுக்கு முதலில் வந்தான். அவள் பாதி வேகவைத்துவிட்டுப் போயிருந்த சூப்பைக் கொதிக்கவைத்தான். உப்பு ஜாடி பக்கத்திலேயே இருந்தது. ஒருத்தர்தான் போடணும் என்று அவள் மைக்கில் சொன்னது காதில் இருந்தது. ஜாடியைத் தொடவில்லை. இனி எத்தனை நாளைக்கு இந்தச் சூப்பை இரண்டு பேராகச் சமைக்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே அடுப்பைத் தணித்தான்.

அவள் வந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நடுவர் முன்னெச்சரிக்கையாக இரண்டு சொம்புத் தண்ணீர் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி யோசித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

“இன்னைக்கு உப்பே இல்ல,” என்றார்.

“நீங்க போடுவீங்கன்னு விட்டுட்டேன்,” என்றாள் அவள், மணலைப் பார்த்து.

“நீ போட்டிருப்பேன்னு நினைச்சேன்.”

நடுவர் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இந்த ஆட்டத்துக்குத் தன்னிடம் விதி இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவள் எழுந்து உள்ளே போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து மேசையின் நடுவில் வைத்தாள்.

“இனிமே காலையில நான்தான் போடுவேன். சாயங்காலம் நீங்க ஜாடியைத் தொடக்கூடாது.”

மணல் தலையாட்டினான். கேட்டுவிடலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தவித்தான். பிறகு நடுவரைப் பார்க்காமல், அவளையே நேராகப் பார்த்துக் கேட்டான்.

“நீ போகாத. எனக்கு நீ இங்க இருக்கணும்.” கேள்வியாகத்தான் ஆரம்பித்தான், வாயிலிருந்து வந்தது இப்படி. “போனேன்னா, அதுக்கப்புறம் காலையில யாரு போடுவா?”

அவள் திரும்பினாள். சுவரோரம் நின்ற நீலப் பெட்டியைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினாள். அது சக்கரத்தில் கடகடவென்று உருண்டு வந்து நடுவரின் காலடியில் நின்றது.

“காலை மேல வை. வீங்கியிருக்கு பாரு,” என்றாள் தம்பியிடம்.

நடுவர் காலைத் தூக்கி வைத்தார். பெட்டி தொம்மென்று ஒலித்தது.

“என்னக்கா, உள்ள ஒண்ணுமே இல்லையா?”

“இருந்துச்சு. காலையிலயே எடுத்து அலமாரியில வச்சுட்டேன்.”

காலையில் என்றால் கூட்டத்துக்கு முன்னால். மணல் அதைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சூப் ஆறுது. உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்க,” என்றாள் அவனிடம், நேராக.